மண்வெட்டிப் படை: போர்முறை மாற்றங்களும் நமக்குத் திறந்து மூடிய கதவுகளும்



மறைந்த தோழரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்குப் போரின் வரலாற்றைத் தலைப்பாக எடுத்தபோது, இலக்கிய மன்றத்துக்கும் போருக்கும் என்ன உறவு என்று நம்மில் சிலரே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நமக்குப் போர் வேண்டாம். பீரங்கியைப் பார்த்துப் பெருமைப்படவும் நாம் இங்கே கூடவில்லை. ஆனால் நாம் வாழும் இந்த மேற்குப் புறநகர் போரால் உருவான பகுதி. சென்ட்ரலில் புறப்படும் மின்சார ரயில்களில் சில, ஆவடியைத் தாண்டிப் பட்டாபிராமில் முதன்மைப் பாதையை விட்டு விலகிக் கிளைப் பாதையில் போய் நிற்கின்றன. அந்தக் கடைசி நிலையத்துக்கு நெடுங்காலம் 'மிலிட்டரி சைடிங்' என்றே பெயர். பூந்தமல்லியில் கம்பெனியார் காலத்தில் படைமுகாம் இருந்தது. ஆவடியில் இன்றும் டாங்கி செய்கிறார்கள். அம்பத்தூரின் பட்டறைகளுக்கு அந்த வேலையில் பங்குண்டு. இந்த வேலிகளுக்குள் வேலை கிடைத்ததால் படித்த குடும்பங்கள் நம் தெருக்களில் இருக்கின்றன. இப்போது அந்த வேலிக்குள் போகும் வழி குறுகி வருகிறது. ஆகவே இது நம் கதைதான்.

போர்முறைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மன்னர்களையும் தளபதிகளையும் ஆயுதங்களையும் எழுதுவார்கள். நாம் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படிக்கப் போகிறோம். போர்முறை மாறிய ஒவ்வொரு முறையும் யாருக்குக் கதவு திறந்தது, பிறகு அதை மூடியது யார்?

பிறப்பும் ஆயுதமும்

சங்கப் பாடல்களின் புறத்திணைகளை வரிசையாக வைத்தால் அதுவே ஒரு போர்முறை வரலாறு. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. நிலத்துக்காகப் படையெடுப்பது வஞ்சி. கோட்டையை வளைப்பது உழிஞை, காப்பது நொச்சி. இரு படையும் வெளியில் நின்று மோதுவது தும்பை, வெற்றி வாகை. மாடு பிடிக்கும் சண்டையில் தொடங்கி மதில் முற்றுகை வரை போர் வளர்ந்த கதை அதில் இருக்கிறது. அந்தப் போர்களில் பறையும் துடியும் அலங்காரத்துக்காக ஒலித்தவை அல்ல. படையைத் திரட்டவும் செய்தி சொல்லவும் அன்றைக்கு இருந்த கருவி அதுதான். அதை முழக்கியவர்கள் போர்க்களத்தில் இருந்தார்கள்.

பின்னர் வந்த சமூகம் ஆயுதத்தையும் பிறப்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. வாள், குதிரை, யானை எல்லாம் செலவு பிடிப்பவை, பழக ஆண்டுகள் ஆகும். நிலம் வைத்திருந்தவர்களிடமே அவை தங்கின. 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் இந்த இடத்தைத்தான் தொடுகிறார். இத்தனை கொடுமைக்குப் பிறகும் இந்நாட்டின் அடித்தட்டு மக்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை என்று கேட்டு, சதுர்வருணம் அவர்கள் கையில் ஆயுதத்தையும் கல்வியையும் சேர விடவில்லை என்பதைக் காரணமாகச் சொல்கிறார். செங்கல்பட்டுச் சீமையின் மிராசு ஊர்களில் நம் முன்னோரின் கையில் இருந்தது மண்வெட்டி. ஏரிக்கரை போட, வாய்க்கால் வெட்ட, வரப்பு கட்ட அது வேண்டும். அதுவும் மிராசுதாரரின் நிலத்தில், அவர் அளக்கும் படி நெல்லுக்கு.

1746: அடையாற்றங்கரை

இந்த முடிச்சைத் தளர்த்திய சண்டை நமக்கு மிக அருகில் நடந்தது. 1746 அக்டோபரில், சென்னையைப் பிடித்திருந்த பிரெஞ்சுக்காரரை விரட்ட ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் தன் மகன் மாபூஸ்கானின் தலைமையில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரை அனுப்பினார். எதிரே பாரடி என்ற அதிகாரியின் கீழ் இருந்தவர்கள், பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்களையும் சேர்த்துச் சில நூறு பேர்தான். அடையாற்றைக் கடந்து வந்த அந்தச் சிறு படை, வரிசையாக நின்று சுட்டு, நவாபின் குதிரைப்படையைச் சாந்தோம் பக்கமாகச் சிதறடித்தது.

இதில் துப்பாக்கியைவிட முக்கியமானது கவாத்து. தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து, ஒரே கட்டளையில் சுட வேண்டும். முன்வரிசை சுட்டு மருந்து இடிக்கும் நேரத்தில் பின்வரிசை சுட வேண்டும். இதில் தனி ஆளின் வீரத்துக்கு வேலை மிகக் குறைவு. வரிசை கலையாமல் நிற்பதுதான் வேலை. தலைமுறை தலைமுறையாக வாள் பழகிய குடும்பத்துப் பிள்ளையும், நேற்றுவரை ஏர் பிடித்தவரும், சில மாதக் கவாத்தில் ஒரே அளவுக்கு வந்துவிடுவார்கள். போர்த்தொழிலுக்குப் பரம்பரை வேண்டும் என்ற நம்பிக்கை அடையாற்று மணலில் அடிபட்டது.

ஆங்கிலேயர் இந்தப் பாடத்தைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கற்றார்கள். 1748இல் வந்த ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் சென்னைப் படைக்கு ஒழுங்கு கொடுத்தார். அடுத்த பத்தாண்டுகளில் சிப்பாய்கள் பட்டாலியன்களாக அமைக்கப்பட்டனர். பல சாதியாரும் பல மதத்தாரும் ஒரே கம்பெனியில் தோளோடு தோள் நின்ற படை சென்னைப் படை. வங்காளப் படை உயர்சாதியாரைத் தேடிச் சேர்த்தபோது சென்னை அப்படிச் செய்யவில்லை. கம்பெனியாருக்குச் சாதி ஒழிப்பில் அக்கறை இருந்தது என்று நாம் ஏமாற வேண்டியதில்லை. ஆள் தேவைப்பட்டது, கவாத்துக்கு எல்லா உடம்பும் ஒன்றாக இருந்தது. அந்தத் தேவையின் இடுக்கு வழியாக நம்மவர்கள் உள்ளே போனார்கள். மாதம் பிறந்தால் கையில் காசு. ஓய்வுக்குப் பின் பென்ஷன். இரண்டும் மிராசுதாரரின் கைக்கு எட்டாதவை.

1780: புள்ளலூருக்குப் பிறகு இருபது நாள்

அடுத்த பெரிய பாடம் தோல்வியிலிருந்து வந்தது. 1780 ஜூலையில் ஐதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. அதன் குதிரை வீரர்கள் சென்னையின் சுற்றுப்புற ஊர்கள்வரை வந்தார்கள். பரங்கிமலையிலிருந்து மன்றோ ஒரு படையோடு காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்டார். வடக்கே குண்டூர் பக்கமிருந்து கர்னல் பெய்லி இன்னொரு படையோடு வந்து அவரோடு சேர வேண்டும். கொசத்தலையாற்றில் வெள்ளம். பெய்லி கரையிலேயே நாட்களை இழந்தார். ஆற்றைக் கடந்து பேரம்பாக்கம்வரை வந்தவரைத் திப்பு மறித்தார். பிறகு ஐதரின் முழுப்படையும் வளைத்துக்கொண்டது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், மைசூர்ப் படையின் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் பொழிய, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அந்தப் படை அழிந்தது, எஞ்சியவர்கள் கைதிகளானார்கள். சில மைல் தொலைவில் இருந்த மன்றோ, கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

இந்தப் போரில் எல்லோரும் ராக்கெட்டைப் பேசுவார்கள். இரும்புக் குழாயில் மருந்து அடைத்த அந்த ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் பின்னாளில் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்தார் என்பது உண்மை. ஆனால் பெய்லியின் படை ஆற்றங்கரையில் காத்துக் கிடந்ததையும், மன்றோ பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போக முடியாததையும் சேர்த்துப் பாருங்கள். வழி போட, ஆற்றைக் கடக்க, சுமை நகர்த்த ஆளில்லாத படை எவ்வளவு துப்பாக்கி வைத்திருந்தாலும் நகராது.

புள்ளலூர்ப் போர் முடிந்த இருபதாம் நாள், 1780 செப்டம்பர் 30 அன்று, புனித ஜார்ஜ் கோட்டையில் லெப்டினன்ட் மூர்ஹவுஸின் பொறுப்பில் இரண்டு 'பயனியர்' கம்பெனிகள் அமைக்கப்பட்டன. படைக்கு முன்னால் போய் வழி போடுகிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். இன்று மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் பொறியியல் படையின் பிறந்தநாள் அதுதான். அதன் வீரருக்கு 'தம்பி' என்று செல்லப்பெயர். சென்னைப் படையின் காலாட்பிரிவுகளில் நம்மவர்களைச் சேர்ப்பதற்கு அவ்வப்போது தடைகள் வந்தபோதும், பயனியர், சாப்பர் பிரிவுகளில் பறையரும் கிறித்தவரும் தொடர்ந்து இடம் பெற்றனர். காரணத்தை ஊகிப்பது எளிது. அங்கே வேலை மண்வெட்டிக்கு.

மண்வெட்டி கற்றுக்கொடுத்த போர்

கோட்டையை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் மண்வெட்டியின் இடம் புரியும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் வோபான் என்ற பொறியாளர் முற்றுகையைக் கணக்காக மாற்றினார். கோட்டைச் சுவருக்கு நேராக ஓடினால் சாவுதான். அதனால் தொலைவில் சுவருக்கு இணையாக ஒரு பதுங்குகுழி வெட்டுவார்கள். அங்கிருந்து வளைந்து வளைந்து முன்னேறி, இன்னும் அருகில் இன்னொரு இணைக்குழி. மண் நிரப்பிய கூடைகளை அடுக்கி மறைவு கட்டுவார்கள், குச்சிக் கட்டுகளைப் போட்டுப் பள்ளம் தூர்ப்பார்கள். பீரங்கி நெருங்கி வந்து சுவரில் ஓட்டை போடும்வரை இந்த வேலை நடக்கும், பெரும்பாலும் இரவில், மேலே குண்டு பறக்க. மண்வெட்டி, கடப்பாரை, கூடை, குச்சிக் கட்டு என்று அந்தக் கருவிகளின் பட்டியலைச் சொன்னால் நம் பாட்டன்மாரின் குடிசை மூலையில் இருந்தவற்றைச் சொல்வதுபோல் இருக்கும்.

1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணத்துச் சுவரின் உடைப்பு வழியாக ஆங்கிலப் படை ஏறியது. வரலாற்றில் அது ஒரு நாள் சண்டை. அந்த உடைப்புவரை குழி வெட்டிக்கொண்டு போனது பல வார வேலை. அதற்கும் முன்னால், 1791இல், கார்ன்வாலிஸ் அதே கோட்டையின் அருகில் போய், இழுவை மாடுகள் செத்து விழுந்ததால் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். மாடும் வழியும் கூலியும் இல்லாமல் வியூகம் இல்லை என்பதைத் தளபதிகள் இப்படித்தான் கற்றார்கள்.

நம் முன்னோர் இதில் எங்கே நின்றார்கள் என்பதில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். அதே படை பர்மாவுக்கும் சாவகத்துக்கும் போனது. 1840இல் அபினிப் போருக்காகச் சீனாவுக்குப் போனது. பிறகு அபிசீனியா, எகிப்து, சூடான். அங்கெல்லாம் அது இன்னொரு மக்களின் நாட்டைப் பிடிக்கப் போன படை. இதை மறைத்துவிட்டு வெறும் வீரப்பெருமை பேசினால், நாம் எதிர்க்கும் 'ஆண்ட பரம்பரை'ப் பேச்சின் இன்னொரு பதிப்பாகிவிடுவோம். அதேநேரம், அன்னியனுக்குத் துணைபோனவர்கள் என்று நம்மை ஏசுகிறவர்களுக்கு அம்பேத்கர் பதில் சொல்லியிருக்கிறார். பிளாசியில் கிளைவோடு நின்ற துசாதுகளையும் கோரேகாவில் நின்ற மகர்களையும் எடுத்துக்காட்டி, தீண்டாதவர்களின் துணையோடுதான் பிரிட்டிஷார் இந்தியாவைப் பிடித்தார்கள் என்று எழுதியவர் அவர். அதை அவர் சொன்னது, அந்தத் துணைக்குப் பிரிட்டிஷார் கொடுத்த கைம்மாறு என்ன என்று கணக்குக் கேட்பதற்காக. 1927 ஜனவரி 1 அன்று அவர் கோரேகாவ் தூணின் முன் போய் நின்றதையும் அந்தக் கணக்கோடுதான் படிக்க வேண்டும்.

இரத்தத்தில் வீரம் தேடியவர்கள்

அந்தக் கைம்மாறு என்னவென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தெரிந்தது. 1857 எழுச்சியில் வங்காளப் படை கலைந்தது, சென்னைப் படை பெரும்பாலும் அசையாமல் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஆட்சியாளரின் கவலை வடமேற்கு எல்லைக்கும் ருசியாவுக்கும் திரும்பியது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு லாயக்கில்லை என்ற முடிவுக்கு வந்தார். பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாகி 1893 வரை இருந்து அந்த முடிவைக் கொள்கையாக்கினார். சில சாதிகளின் இரத்தத்தில் வீரம் இருக்கிறது, சிலவற்றில் இல்லை என்பதுதான் 'போர்க்குடி'க் கொள்கை. ஐரோப்பாவின் இன ஆராய்ச்சியும் இந்நாட்டின் வருணப் பாகுபாடும் அதில் கைகோத்தன.

விளைவு கடுமையானது. 1857இல் ஐம்பத்திரண்டு காலாட்படைப் பிரிவுகள் வைத்திருந்த சென்னை, ஒவ்வொன்றாக இழந்தது. சில கலைக்கப்பட்டன, சிலவற்றில் பஞ்சாபியரும் மற்றவரும் நிரப்பப்பட்டனர். 1920களின் இறுதிக்குள் சென்னைக் காலாட்படை இல்லாமலே போனது. மராத்தியத்தில் மகர்களைச் சேர்ப்பது 1890களில் நின்றது. 1894இல் கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ஒரு சுபேதார். அம்பேத்கர் பிறந்தது 1891இல் மௌ என்ற படைமுகாம் ஊரில். அப்பாவுக்குத் திறந்திருந்த கதவு மகன் வளரும்போது மூடியிருந்தது.

அதே ஆண்டுகளில் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். பூந்தமல்லியும் அம்பத்தூரும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை, அவர்கள் மிராசுதாரரிடம் எப்படிக் கட்டுண்டு கிடந்தார்கள் என்பதை அரசின் மேசைக்குக் கொண்டுபோனது. அதைத் தொடர்ந்துதான் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி ஆணையின் வழியாகப் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலத்துக்குப் பிறகு என்ன ஆனது என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. காசும் பென்ஷனும் தந்த கதவு மூடிய பத்தாண்டும், நிலம் என்ற கதவு காகிதத்தில் திறந்த பத்தாண்டும் ஒன்றே என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

உலகமே பதுங்குகுழி வெட்டியபோது

இரத்தத்தில் வீரம் தேடிய அதே காலத்தில் போர் எங்கே போய்க்கொண்டிருந்தது? இயந்திரத் துப்பாக்கி வந்துவிட்டது. 1914இல் தொடங்கிய போரில், நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான குண்டுகளின் முன்னால் எந்தப் பரம்பரை வீரனும் நிற்க முடியவில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இலட்சக்கணக்கானோர் நான்காண்டுகள் மண்ணுக்குள் குழி வெட்டி வாழ்ந்தார்கள். நம் சாப்பர்களும் பயனியர்களும் அறிந்த வேலையை ஐரோப்பியச் சீமான்களின் பிள்ளைகளும் செய்தார்கள். முள்கம்பியைத் தகர்க்க அந்தப் போர் முழுவதும் பயன்பட்ட நீண்ட வெடிகுழாயின் பெயர் 'பெங்களூர் டார்பிடோ'. 1912இல் மெட்ராஸ் சாப்பர்ஸின் அதிகாரி மெக்ளின்டாக் பெங்களூரில் வடிவமைத்தது.

அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்களில் பல இலட்சம் பேர் சிப்பாய்கள் அல்ல. சுமை தூக்கியவர்கள், தண்ணீர் கொண்டுபோனவர்கள், தோட்டிகள், சமையல்காரர்கள், டோலி தூக்கியவர்கள், சாலை போட்டவர்கள். ராணுவக் கணக்கில் அவர்களுக்குப் பெயர் 'பின்தொடர்வோர்'. சம்பளம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. போரின் வேலை மாறிவிட்டது. வேலைக்குக் கொடுக்கும் மதிப்பு பழைய சாதி அளவிலேயே நின்றது. போர் முடிந்து பதினைந்தாண்டுகளில், 1933இல், சிக்கனம் என்ற பெயரில் மெட்ராஸ் பயனியர் படையும் கலைக்கப்பட்டது.

கலைத்தவர்களே 1941க்குப் பிறகு ஓடிவந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு இருபத்தைந்து இலட்சம் பேர் வேண்டியிருந்தது. போர்க்குடிகளை மட்டும் வைத்து அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது. சென்னைக் காலாட்படை மீண்டும் எழுப்பப்பட்டது. 1941இல் மகர் ரெஜிமென்ட் வந்தது. 1943இல் வந்த சமார் ரெஜிமென்ட் கொஹிமாவில் சண்டையிட்டது, 1946இல் கலைக்கப்பட்டது. 1944 பிப்ரவரியில் இத்தாலியில், கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த குழுவைக் காக்கத் தன் உடலையே வெடியின் மேல் போட்டு மறைத்துச் செத்தார் மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பகுதியிலிருந்து போனவர். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் என்று அறியப்படுகிறார். அவர் எந்தச் சாதி என்று தேடுவது நம் வேலை அல்ல. அவர் செய்த வேலை எது என்று பாருங்கள். மண்ணைத் தடவிக் கண்ணிவெடி எடுப்பது, பின்னால் வருகிறவர்களுக்கு வழி செய்வது. 1780இல் தொடங்கிய அதே வேலை.

ஆவடி

அந்தப் போரின்போதுதான் ஆவடி பெரும் படைக்கிடங்கானது. சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் விழுந்தபின் சென்னை முன்னணிக்குப் பக்கத்து நகரமாகிவிட்டது. ஆவடி என்ற பெயரே கவச வண்டிக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். இங்கே டாங்கி செய்யத் தொடங்குவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1955 ஜனவரியில், காங்கிரஸ் கட்சி ஆவடியில் மாநாடு கூட்டி 'சோசலிச பாணி'யைத் தீர்மானமாக்கியது. படை வரும் முன்பே இங்கே ஊர் இருந்தது, மக்கள் இருந்தார்கள்.

டாங்கி என்ற வண்டியே பதுங்குகுழிக்குப் பதிலாகப் பிறந்தது. குழிகளையும் முள்கம்பியையும் ஏறிக் கடக்க, 1916 செப்டம்பரில் பிரான்சின் சோம் களத்தில் அதை முதலில் இறக்கினார்கள். அரை நூற்றாண்டு கழித்து அதன் உற்பத்தி நம் ஊருக்கு வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் களத்தில், பாகிஸ்தானின் புகழ்பெற்ற பாட்டன் டாங்கிகள் தண்ணீர் பாய்ச்சிய கரும்பு வயல் சேற்றில் சிக்கி நின்றன. மடை திறந்து வயலுக்கு நீர் விடத் தெரிந்தவர்களுக்கு அந்த வெற்றியின் சூட்சுமம் உடனே புரியும்.

விஜயந்தாவுக்குப் பின் டி-72, டி-90, அர்ஜுன் என்று அங்கே செய்யப்பட்டன. அருகிலேயே எஞ்சின் தொழிற்சாலை, சீருடைத் தொழிற்சாலை, டாங்கி ஆராய்ச்சி நிலையம். போரின் முக்கிய இடம் களத்திலிருந்து பட்டறைக்கு மாறியிருந்தது. வெல்டர், ஃபிட்டர், டர்னர், தையல்காரர் எல்லோரும் போரின் ஆட்களாகியிருந்தார்கள். இம்முறை நம்மவர்கள் உள்ளே போனது ஆள் பற்றாக்குறையால் மட்டும் அல்ல, சட்டத்தின் பலத்தாலும்தான். அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில், 1943இல், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு எட்டேகால் விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக இடஒதுக்கீடு வந்தது. 1970இல் அது 15 விழுக்காடானது. படைவீரர் பணியில் இன்றுவரை இடஒதுக்கீடு கிடையாது. ஆனால் படைக்கலத் தொழிற்சாலைகளின் சிவில் பணியில் உண்டு. அந்த வித்தியாசம்தான் நம் தெருக்களை மாற்றியது.

சாதி முழுவதும் வெளியே நின்றுவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைக்கு நிரந்தர வேலை, குடியிருப்பு, மருத்துவமனை, பென்ஷன், தொழிற்சங்கம் எல்லாம் ஒரே வாசலில் கிடைத்தன. அந்தச் சம்பளத்தில்தான் மகள் கல்லூரிக்குப் போனாள். அந்த ஷிப்ட் முடிந்து வந்தவர்கள்தான் மாலைப் பள்ளியும் படிப்பகமும் நடத்தினார்கள், ஏப்ரல் 14க்கு மேடை போட்டார்கள்.

இப்போது எந்தக் கதவு?

போர்முறை மறுபடி மாறுகிறது. 2020இல் நாகோர்னோ-கராபாக்கிலும் 2022 முதல் உக்ரைனிலும் மலிவான டிரோன்கள் விலை உயர்ந்த டாங்கிகளை எரித்ததை உலகம் பார்த்தது. அதே உக்ரைனில் வீரர்கள் 1916ஐப் போலப் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். புதிய கருவி வந்தாலும் மண்வெட்டி ஓய்வு பெறவில்லை. ஆனால் கருவி செய்யும் இடம் மாறுகிறது. அரசுத் தொழிற்சாலையிலிருந்து தனியார் நிறுவனத்துக்கும், லேத்திலிருந்து மென்பொருளுக்கும் அது நகர்கிறது.

நம் வாசலில் நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம். 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டது. அதன் 41 தொழிற்சாலைகளும் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. டாங்கித் தொழிற்சாலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் வந்தது. சீருடைத் தொழிற்சாலை கான்பூரிலுள்ள இன்னொரு நிறுவனத்துக்குப் போனது. எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய முடியாதபடி அதே ஆண்டு அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் சட்டம் வந்தது. இவை இன்னும் அரசு நிறுவனங்கள்தான், இடஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் நிரந்தரப் பணிக்குப் பதிலாகக் குறித்த கால ஒப்பந்த விளம்பரங்கள் வருகின்றன. படையில் 2022இல் வந்த அக்னிபத் திட்டம், சேர்கிறவர்களில் நான்கில் ஒரு பங்கினரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை நான்காண்டுகளில் பென்ஷன் இல்லாமல் அனுப்புகிறது. ராணுவத் தொழில்வழித்தடம் என்ற பெயரில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய இடங்களில் தனியார் நிறுவனங்களுக்கு நிலமும் சலுகையும் தரப்படுகின்றன. தனியார் நிறுவனத்தில் இடஒதுக்கீடு இல்லை.

மாதச் சம்பளம், பென்ஷன், சட்டம் தரும் இடம். 1748க்குப் பிறகு நம்மை மிராசுதாரரின் களத்திலிருந்து வெளியே இழுத்த கயிறுகள் இவைதான். இன்று ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. டிரோன் வந்ததால் அவிழவில்லை. டிரோன் செய்யும் தொழிற்சாலையிலும் நிரந்தர வேலை தர முடியும், இடஒதுக்கீடு தர முடியும். 1880களில் இயந்திரத் துப்பாக்கி வந்ததால் நாம் வெளியேற்றப்படவில்லை, ராபர்ட்ஸ் போன்றவர்களின் முடிவால் வெளியேற்றப்பட்டோம். அதுபோலத்தான் இதுவும். கருவி மாறுவது காலத்தின் போக்கு. கதவை மூடுவது ஆட்கள் எடுக்கும் முடிவு. ஆட்கள் எடுத்த முடிவை எதிர்த்துப் போராட முடியும்.

ஆகவே இந்த நாளில் மன்றம் இரண்டு வேலைகளை முன்வைக்கிறது. முதலாவது மாணவர்களுக்கு. புள்ளலூரில் 1781ஆம் ஆண்டுப் போரில் செத்த ஆங்கில அதிகாரிகள் இருவருக்குத் தூண்கள் நிற்கின்றன. குழி வெட்டியவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. நம் வீட்டுப் பெட்டிகளில் தாத்தாவின் டிஸ்சார்ஜ் சான்று, பதக்கம், பென்ஷன் புத்தகம், சீருடையில் நின்று எடுத்த படம், தொழிற்சாலை அடையாள அட்டை ஏதாவது இருக்கும். அவற்றைத் தேடுங்கள், படமெடுங்கள், உயிரோடு இருப்பவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். வீரக்கதைகளை மட்டும் கேட்காதீர்கள். என்ன வேலை, என்ன சம்பளம், யாரோடு சாப்பிட்டார், ஊருக்குத் திரும்பியபோது தெருவில் எப்படி நடந்தார் என்று கேளுங்கள்.

இரண்டாவது வேலை செயல்பாட்டாளர்களுக்கு. மக்கள் நிலத்தையும் மக்கள் பணத்தையும் வாங்கும் தனியார் ராணுவத் தொழிலில் இடஒதுக்கீடு வேண்டும். நிரந்தரப் பணியை ஒப்பந்தமாக்குவதை நிறுத்த வேண்டும். புதிய தொழில்நுட்பப் பயிற்சி நம் பகுதி ஐ.டி.ஐ.களுக்கு வர வேண்டும். தொழிற்சங்கங்களோடு சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை. போரில்லாத உலகம் நமக்கு வேண்டும். அது வரும்வரை, போரின் சுமையை நாம் தூக்கி, அதன் கூலியை வேறு யாரோ வாங்கிப்போகும் ஏற்பாட்டுக்கு நாம் சம்மதிக்க முடியாது.

நம் தோழர் தன் கடைசிக் காலம்வரை படிப்பகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். அந்த மேசை இன்னும் அங்கேதான் இருக்கிறது. நாளை மாலையிலிருந்து அதில் நாம் உட்காருவோம்.

ஜெய் பீம்.